பட்டியலில் இல்லாத டாக்டர்

எங்கள் ஆலயத்து வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. யாருக்காவது நோய் வந்தால், வீட்டார் ஒரு துண்டுத்தாளில் பெயரையும் நோயையும் எழுதி அதில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடித்ததும் பெட்டியைத் திறந்து, தாள்களை அடுக்கிப் போதகர் கையில் கொடுப்பது என் வேலை. அவர் ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பார். ஆராதனை முடிந்து சனங்கள் வெளியே இறங்கும்போது அத்தனை நோயும் அவர்களோடு இறங்கும். மதியச் சோற்றுக்கு முன்பே களியக்காவிளை சந்தை வரைக்கும் போய்விடும்.

ஒருமுறை ஒருவருக்கு மூலக்குரு, அதாவது மூலநோய், என்று தாளில் எழுதியிருந்தது. அதன்பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் அவர் பந்தியில் உட்காரப் போனால், "ஓய், பாத்து இரியும். தலவாணி கொண்டு வரட்டா?" என்று யாராவது கேட்பார்கள். நோய் குணமாகி எத்தனையோ வருடமான பிறகும் கேட்டார்கள். அந்தத் தாளைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

அதனால், எனக்கு மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கியபோது, முதலில் நினைத்தது நோயைப் பற்றி அல்ல. அந்தப் பெட்டியைப் பற்றித்தான்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. வாரநாட்களில் விடிகிற நேரத்தில் பிறருடைய தோட்டத்தில் ரப்பர் வெட்டுகிறேன்; பால் எடுக்க மரப்பட்டையைக் கீறுகிற வேலை. மரங்களோடு வேலை செய்வதால் பேசாமலே நாள் போய்விடும். ஆலயத்திலும் மணியடிப்பது, பெருக்குவது, பூட்டுவது, திறப்பது. இதற்கும் வாய் தேவையில்லை. இப்படிப்பட்டவன் எந்த டாக்டர் முன்னால் போய், எந்த வார்த்தையைச் சொல்லி இதைத் தொடங்குவது?

போவதற்கு இடமும் இல்லை. தாலுகா ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கிற பெண் என் மனைவியின் சித்தி மகள். பக்கத்து கிளினிக்கில் ஊசி போடுகிற நர்சு எங்கள் பாடகர் குழுவில் பாடுகிறாள். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போனால் யாருக்கும் தெரியாது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். எங்களுக்கு எல்லைக்கு இந்தப் பக்கமும் சொந்தக்காரர்கள், அந்தப் பக்கமும் சொந்தக்காரர்கள்.

அந்தச் சமயத்தில்தான் போனில் அந்த விளம்பரம் வந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டு, வீட்டில் இருந்தபடியே டாக்டரிடம் பேசலாம், யாருக்கும் தெரியாது என்றாள். அந்தக் கடைசி வார்த்தை என்னைப் பிடித்தது. ஆனாலும் ஒரு வாரம் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் சிரித்துக்கொண்டு வருகிறவர்களை நம்பிக் கடன் வாங்கி, பிறகு தலைமறைவாகத் திரிந்த ஒருவனை எனக்குத் தெரியும். யாருக்கும் தெரியாது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறவளை எப்படி நம்புவது?

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஆலயத்தின் பின்னறையில் உட்கார்ந்து அதைத் திறந்தேன். முதலில் மொழி கேட்டது. எனக்கு மலையாளம் பேச்சில் தடங்கல் இல்லை. ஆனால் மலையாளத்தைத் தொட்டால் திருவனந்தபுரத்து டாக்டர் வரலாம், அவர் எங்கள் பக்கத்து நெய்யாற்றின்கரையில் பெண் எடுத்திருக்கலாம். தமிழைத் தொட்டேன். தமிழ் டாக்டர் என்றால் தூரத்தில் இருப்பார் என்பது என் கணக்கு.

அடுத்து பெயர் கேட்டது. என்னோடு படித்து இப்போது வளைகுடாவில் இருக்கிற ஒருவனுடைய பெயரைக் கொடுத்தேன். வயது கேட்டது. எனக்கு ஐம்பத்திரண்டு. வயது கூடினவன் என்று தெரிந்தால் பயம் காட்டி எல்லாச் சோதனையும் எடுக்க வைப்பார்கள் என்று தோன்றியது. முப்பத்தெட்டு என்று போட்டேன். நீளமாக ஏதோ எழுதி, கீழே சம்மதம் என்று ஒரு கட்டம் இருந்தது. வாசிக்காமல் அதைத் தொட்டேன். எதற்குச் சம்மதித்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

பணம் கட்டின பிறகு, கீர்த்தனைப் புத்தகங்களை அடுக்கி அதில் போனைச் சாய்த்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஓர் ஆள் வந்தார். நீலச் சட்டை. கோட்டு இல்லை. என் மனம் அப்போதே ஒரு படி பின்னால் போனது.

"வணக்கம்" என்று சொல்லித் தன் பெயரைச் சொன்னார். என்ன படித்தவர் என்று சொன்னார். "என்னோட பதிவு எண் உங்க திரையில கீழ வரும், பாத்துக்கங்க" என்றார்.

இது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர் தன் பெயரைச் சொல்லித் தொடங்கினார்? தலையைத் தூக்கிப் பார்த்தாலே பெரிய காரியம். கேட்காமலே அடையாள அட்டையை நீட்டுகிறவனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று நினைத்தேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "வயசு முப்பத்தெட்டுதானா?"

"ஆமா."

"நல்லா நரைச்சிருக்கே."

"எங்க குடும்பத்துல சீக்கிரம் நரைக்கும்."

எதையோ தட்டி எழுதிக்கொண்டார். பிறகு கேள்விகள். என்ன நிறம், எத்தனை நாள், எடை குறைந்ததா, வீட்டில் யாருக்காவது குடலில் நோய் இருந்ததா. பெரியப்பா ஒருவர் வயிற்றில் கட்டி வந்துதான் போனார். இல்லை என்று சொன்னேன். நான் எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற எண்ணத்தில் இருந்தேன்.

கடைசியில் அவர் சொன்னார்: "மூலமா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். யாராவது நேர்ல கையால பாத்துதான் சொல்ல முடியும். போன்ல பாத்து நான் மருந்து எழுதினா அது தப்பு. சந்தேகம் இருந்தா நேர்ல அனுப்பணும்னுதான் எங்களுக்கு விதி. சர்ஜரி டாக்டரப் பாருங்க."

"ஒரு களிம்பாவது..."

"வேண்டாங்க. களிம்பு போட்டுட்டு நீங்க போகாம இருந்துடுவீங்க."

ஏழு நிமிடத்தில் முடிந்தது. போனில் ஒரு சீட்டு வந்தது. மேலே அவர் பெயர், படிப்பு, எண். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. பிறகு நான் கொடுத்த கள்ளப்பெயர், கள்ளவயது, உண்மையான நோய். அடியில், நேரில் காட்டவும்.

எங்கள் ஊரில் மருந்து எழுதாதவரை டாக்டர் என்று யாரும் சொல்வதில்லை. பணம் வாங்கிவிட்டு, வேறு டாக்டரிடம் போ என்று சொல்ல ஒரு டாக்டர் எதற்கு? படித்தவர் என்றால் ஒரு மாத்திரையின் பெயராவது தெரிந்திருக்காதா?

இரண்டு நாள் கழித்து போன் அடித்தது. ஒரு பெண் குரல், தேன் போல. மூலத்துக்கு மூலிகை மருந்து உண்டு, மூன்று மாதத்துக்கு வேண்டியது ஒரே பெட்டியில் வீட்டுக்கு வரும் என்றாள். இந்த உலகத்தில் நான் ஓர் ஆளிடம்தான் அதைச் சொல்லியிருந்தேன்.

மறுநாள் வேலை முடிந்ததும் திருப்புறத்துக்குப் போனேன். அங்கே என் மச்சினன் செல்போன் கடை வைத்திருக்கிறான். மனைவியின் தம்பி. போனுக்குள் இருக்கிற எதுவும் அவன் கண்ணுக்குத் தப்பாது. சீட்டைத் திறந்து, எண்ணுக்குக் கீழே உள்ளதையெல்லாம் கட்டைவிரலாலும் உள்ளங்கையாலும் மறைத்துக்கொண்டு நீட்டினேன்.

"அத்தான், கைய எடுங்க. அடியில என்ன?"

"அது ஒண்ணும் இல்ல மக்கா. தலவலிக்கு காட்டினேன். நீ மேல உள்ள நம்பரப் பாரு. இவன் டாக்டரு தானா?"

"தலவலிய எதுக்கு இப்பிடி பொத்தி வைக்குதிய? கோழி முட்டையா?"

"நீ பாருடே."

அவன் சிரித்துக்கொண்டே தட்டினான். "கேட்டீளா அத்தான், டாக்டர்மாருக்கெல்லாம் ஒரு லிஸ்டு உண்டு. மெடிக்கல் கவுன்சிலு நெட்டுல போட்டிருக்கு. கள்ளன்னா இப்ப மாட்டுவான்." பெயரைப் போட்டான். இல்லை. எண்ணைப் போட்டான். வேறு ஒரு பெண் டாக்டரின் பெயர் வந்தது. அவன் முகம் மாறியது.

"அத்தான், இவன் கள்ளனாக்கும். எவளோ ஒரு டாக்டர்க்க நம்பர எடுத்து ஒட்டியிருக்கான். வேற ஒண்ணும் குடுக்கலியே? ஆதாரு? ஏடிஎம் நம்பரு?"

"இல்ல."

"பேரு?"

"பேரும் குடுக்கல்ல" என்றேன். அன்றைக்கு நான் சொன்னதில் அதுவாவது உண்மை. அதைச் சொன்னபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அதோடு அந்த விஷயத்தை மூடிவிட்டேன். ஆள் கள்ளன் என்றால் அவன் சொன்ன வார்த்தையும் கள்ளம். நேரில் போய்க் காட்டு என்று அவன் சொன்னதும் கள்ளம். எனக்கு வசதியான முடிவு. அதன் பிறகு அங்கிருந்து மூன்று தடவை செய்தி வந்தது: நேரில் காட்டினீர்களா? முன்பின் தெரியாத ஒருவனுக்கு என் உடம்பைப் பற்றி என்ன இவ்வளவு அக்கறை? மீன் கடித்ததா என்று தூண்டிலை இழுத்துப் பார்க்கிறான் என்று நினைத்தேன். பதில் போடவில்லை.

நோன்புக் காலம் போய் மழைக்காலம் வந்தது. வெட்டில் மழை இறங்காமல் மரங்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் பாவாடை கட்டி வெட்டினோம். முந்நூறு மரம் வெட்டுகிறவனுக்கு இருநூறாவது மரத்தில் கண் இருட்டியது. மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே தூரம் கூடிவிட்டதுபோல இருந்தது.

"இஞ்ச பாருங்க, நீங்க ஏன் இப்பிடி வெளுத்து போறிய?" என்று மனைவி கேட்டாள்.

"வெயிலு இல்லல்லா. மழயில எல்லாரும் கொஞ்சம் வெளுக்கத்தான் செய்யும்."

"நான் வெளுக்கல்லியே."

ஒரு ஞாயிறு, இரண்டாம் மணி அடிக்கும்போது கயிற்றை இழுத்த கை இழுத்தபடியே இருக்க, கால் மடங்கிவிட்டது. கயிற்றில் தொங்கினேன். மணி ஒரு முறை முழுதாகவும் ஒரு முறை அரையாகவும் அடித்தது. வெளியே யாரோ, "மணிக்கு இன்னைக்கு வாயில பல்லு இல்ல போல" என்று சொல்லிச் சிரித்தார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயம் வந்தது. பயத்தைவிட அந்த ஆள் மேல் கோபம் வந்தது. அவன் நல்ல டாக்டராக இருந்து அன்றைக்கே ஒரு மருந்து கொடுத்திருந்தால் இந்த நிலை வந்திருக்குமா?

என் வாழ்க்கையில் யாரையும் முகத்துக்கு நேரே திட்டியதில்லை. இவனைத் திட்டுவதென்று தீர்மானித்தேன். பழைய ஜெபத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதினேன். நீ யார். இந்த எண் யாருடையது. என் நோயை அந்தப் பெண்ணுக்கு விற்றது யார். நீ ஒரு கள்ளன்.

மறுபடியும் அதே பின்னறை. அதே கீர்த்தனைப் புத்தகங்கள். அதே டாக்டரைக் கேட்டுப் பணம் கட்டினேன். வந்தார். எனக்கு முந்தி அவர் பேசினார்.

"நீங்க இன்னும் போகலையா? மூணு தடவை கேட்டிருந்தேனே."

தாளைக் கையில் எடுத்தேன். எழுதியிருந்தது ஒன்று, வாயில் வந்தது வேறு. "உங்க நம்பரு... லிஸ்டுல இல்ல. வேற ஒரு பொம்பள டாக்டர்க்க பேரு வருது."

அவர் கோபப்படவில்லை. "எந்த லிஸ்ட்ல பாத்தீங்க?"

"எங்க லிஸ்டுல. கேரளாவுக்கு உள்ளது."

"நான் தமிழ்நாட்டு கவுன்சில்ல பதிவு பண்ணவன். ஒவ்வொரு மாநிலத்துக்கும் நம்பர் தனி. சீட்டுல என் நம்பருக்குக் கீழேயே போட்டிருக்கு பாருங்க. நீங்க தமிழ்ல பேசணும்னு கேட்டதால எனக்கு வந்தீங்க. ஒரு மாநிலத்துல பதிவு பண்ணவங்க எந்த மாநிலத்து ஆளையும் இப்படிப் பாக்கலாம்."

அந்தப் பொடி எழுத்து வரி. ஆங்கிலம் எனக்கு ஓடாது. வாசிக்கத் தெரிந்த மச்சினனுக்கு முன்னால் அதன்மேல் என் கட்டைவிரல் இருந்தது.

மீன் வாங்க ஒரு மாநிலம், ரேஷன் வாங்க ஒரு மாநிலம் என்று ஒரு நாளில் நாலு தடவை எல்லையைத் தாண்டுகிறவர்கள் நாங்கள். பஸ் எந்த சர்க்காருடையது என்று பார்த்துத்தான் கை காட்டுவோம். டாக்டருக்கு மட்டும் ஒரே பட்டியல்தான் இருக்கும் என்று எப்படி நினைத்தோம்?

விடாமல் மூன்றாவது வரியைக் கேட்டேன். மூலிகைப் பெண்ணைப் பற்றி.

"அது நான் இல்ல. என்கிட்ட நோயாளி சொல்றத வெளிய விடக்கூடாது. இன்ன இடத்துல மருந்து வாங்குங்கன்னு தள்ளவும் கூடாது. ஆனா இந்தக் கம்பெனில வேற யாரு கையில உங்க விவரம் போகுதுன்னு எனக்குத் தெரியாதுங்க. நீங்க புகார் குடுங்க. குடுக்கறது நல்லது."

தெரியாது என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையால்தான் அவரை நான் நம்பினேன். கம்பெனியை இன்றுவரை நம்பவில்லை.

நாலாவது வரியை மடக்கிச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

"நீங்க என்னைச் சோதிச்சுப் பாத்தீங்க. அது சரிதான்" என்றார் அவர். "இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். உங்க வயசு என்ன?"

ஓட்டின் மேல் மழை விழுந்துகொண்டிருந்தது. ஆலயத்தில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"அம்பத்தி ரெண்டு."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "முப்பத்தெட்டு வயசுல ரத்தம் போறது வேற. அம்பத்திரெண்டுல போறது வேற. இத்தன மாசமா போகுதா?"

"உண்டு. இப்ப தலயும் சுத்துது."

"குடும்பத்துல?"

"பெரியப்பா. வயித்துல கட்டி."

"பேராவது உங்க பேருதானா?"

அதையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப எழுதினார். "நாளைக்குப் போங்க. நாளன்னைக்கு இல்ல, நாளைக்கு" என்றார். புதிய சீட்டு வந்தது. அதில் என் பெயரும் என் வயதும் என் நோயும் ஒரே இடத்தில் இருந்தன. அவற்றைச் சேர்த்துப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

போவதற்கு முன் மச்சினனுக்குப் போன் செய்தேன். அந்த அளவுக்குச் சந்தேகம் எனக்குள் மிச்சமிருந்தது. "மக்கா, தமிழ்நாட்டு லிஸ்டு ஒண்ணு எடு."

அவன் தட்டுகிற சத்தம் கேட்டது. "அத்தான்... ஆளு உண்டு. பேரும் நம்பரும் செரியாட்டு இருக்கு."

"பின்ன அன்னைக்கு இல்லேன்ன?"

"அன்னைக்கு நீங்க கைய எடுக்கல்லியே. அதிருக்கட்டு, ஒங்க தலவலி எப்பிடி இருக்கு?"

"தலயில இல்ல மக்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மனைவியிடம் சொல்லத்தான் அதிக நேரம் எடுத்தது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "முப்பத்தெட்டா?" என்றாள். "நம்ம மூத்தவளுக்கு இருபத்தெட்டு ஆச்சு. பத்து வயசுலயா பிள்ள பெத்திய?" பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எனக்குக் கேட்டது.

தாலுகா ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கிற சித்தி மகள், வயதைக் கேட்டபோது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வரிசை தெருவரைக்கும் நின்றது. அங்கிருந்து மெடிக்கல் காலேஜுக்கு எழுதிக் கொடுத்தார்கள். குழாய் விட்டுப் பார்த்தபோது குடலுக்குள் ஒரு வளர்ச்சி இருந்தது. அதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். கெட்டதாக மாறத் தொடங்கியிருக்கிறது, வேர் விடவில்லை, சரியான சமயத்தில் வந்தீர்கள் என்றார் அங்குள்ள டாக்டர். சரியான சமயத்தை நான் எப்போதோ தாண்டிவிட்டேன் என்று அவரிடம் சொல்லவில்லை. வருடந்தோறும் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த டாக்டரின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு வந்து, மச்சினனைக் கேரளப் பட்டியலில் பார்க்கச் சொன்னேன். இருந்தது.

வேலைக்குத் திரும்பிய முதல் ஞாயிறு பெட்டியைத் திறந்தபோது ஏழு தாள்கள் இருந்தன. நாலாவது தாளில் என் மனைவியின் கையெழுத்து. என் பெயர், என் நோய், குடல் என்ற வார்த்தை, நன்றி ஜெபம். இரத்தம் போனது, போன் டாக்டர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார் என்றும் எழுதியிருந்தாள். அதை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் போட எனக்கு ஒரு நிமிடம் போதும். நிமிடத்துக்கும் கூடுதலாக நின்றேன். போதகர் கை நீட்டினார். ஏழையும் கொடுத்தேன்.

அவர் வாசித்தபோது நான் மணிக்கயிற்றுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆராதனை முடிந்து எல்லோரும் போனபிறகு கதவைப் பூட்டப் போனேன். படியில் ஒருவர் குடையோடு நின்றார். பந்தியில் தலையணை வேண்டுமா என்று ஊரில் எல்லோருக்கும் முந்தி, மூலக்குரு வந்த அந்த மனிதரைக் கேலி செய்தவர். இப்போது என்னையும் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"ஓய், அந்த போன் டாக்டரு... அவருகிட்ட நாம பேசினா வெளிய தெரியாது இல்லியா?"

"கம்பெனிக்கு தெரியும்" என்றேன். "அதப் பத்தி என்னால ஒண்ணும் சொல்ல ஒக்காது."

"ஆளு நம்பலாமா?"

"நம்பரப் பாரும். ரெண்டு லிஸ்டு உண்டு. எதுலயாக்கும்னு பாத்து தேடணும்."

அவர் தலையாட்டினார். குடையை விரித்துப் படி இறங்கினார். நான் பூட்டைத் திருகிக்கொண்டே பின்னாலிருந்து கூப்பிட்டேன். நான் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"ஓய், எத்தன நாளாச்சு?"

நின்றார். திரும்பவில்லை. "ஓணத்துக்கு முந்தி தொடங்கினது."

"அப்பம் போன் வேண்டாம்" என்றேன். "நாளைக்கு ரெண்டு பேருமா தாலுகா ஆஸ்பத்திரிக்கு போவோம். நான் வாறேன்."